புலிக்கு நாலாம் நம்பர்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆம்பூர் வந்து சேர்ந்தது. உன் மகள் எஸ்தருக்கு ஐந்து வயது முடிந்ததையும், மிருகங்களைப் பற்றிப் படம் போட்ட பாட்டுப் புத்தகம் பக்கத்தில் இல்லாமல் அவள் சோறு தின்ன மறுப்பதையும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் நான் ஐந்து முறை படித்தது கடைசிப் பாராவைத்தான். "படம் எல்லாம் நான் வரைந்தது. ஆனால் பாட்டை மாமாதான் படிக்க வேண்டுமாம். நான் படித்தால் புலி சரியாக உறுமவில்லையாம். சின்ன வயதில் என்னுடையது ஒன்று சுண்ணாம்புக் குழியில் விழுந்துபோயிற்றே, அது இருந்திருந்தால் அதையாவது நான் படித்துக் காட்டியிருப்பேன்" என்று எழுதியிருந்தாய். சிரித்துக்கொண்டே எழுதியதுபோல் எழுதியிருக்கிறாய். நீ சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. இருபது வருஷமாக இதே சிரிப்பை நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தபாலில் அனுப்பாமல் ஏன் பத்திரிகையில் போடுகிறேன் என்று கேட்பாய். நீ இருப்பது உன் மாமா வீட்டில். வரும் கடிதங்களை முதலில் பிரிப்பது அவர். அதில் பிடித்த வரிகளை உரக்கப் படிப்பதும் அவர். அவர் குரல் நல்ல குரல் என்று உன் அம்மா சொல்லாத நாள் இல்லை. போகட்டும். இந்த மாதப் பத்திரிகை அவர் அச்சுக்கூடத்தில்தான் அச்சாகிறது. ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பிழை பார்த்தாக வேண்டும். எனக்கு அது போதும். எங்காவது எழுத்துப் பிழை தென்பட்டால் காரணம் யார் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் கிடங்கில் நம்பர் போடுகிறவன் நான். பதம் செய்து உலர்ந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரிப்பார்கள். முள் கீறல், உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு, கத்தி பட்ட ஓட்டை எல்லாவற்றையும் பார்த்து, நீலப் பென்சிலால் ஒன்று முதல் நாலு வரை ஒரு நம்பர் போடுவேன். ஒன்று என்றால் குறையே இல்லை. நாலு என்றால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நம்பரை எப்போதும் தோலின் உட்புறத்தில், சதை இருந்த பக்கத்தில்தான் போட வேண்டும். முடி இருந்த பக்கம் விற்கிற பக்கம். அதில் கோடு விழக்கூடாது. முப்பது வருஷத்தில் இந்தப் பக்கத்து ஆடு மாடுகளில் பாதியை நான் பார்த்திருப்பேன். ஒன்றையும் உயிரோடு பார்த்ததில்லை.

நீ ஆறாவது வயதில் இருந்தபோது பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்கு பூட்ஸ் போதவில்லை. கிடங்கில் வேலை ஜாஸ்தி. நான் வீட்டில் இருந்தது கம்மி. ஒரு சனிக்கிழமை, பட்டணத்து ரயிலில் உன் மாமா ஞானப்பிரகாசம் வந்து இறங்கினார். கையில் காக்கிக் காகிதம் சுற்றிய பெரிய பொட்டலம். நான் அந்த வருஷம் உனக்கு வாங்கித் தந்தது ஒரு சிலேட்டு. நல்ல சிலேட்டு. அதைப் பற்றி யாரும் பத்திரிகையில் எழுதப் போவதில்லை.

பொட்டலத்துக்குள் இருந்தது ஒரு புத்தகம். இருபத்திரண்டு மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. படங்களைச் சீமையில் வண்ணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, பாட்டை மட்டும் இங்கே தமிழில் ஏற்றியிருந்தார்கள். படத்துக்கு மேல் பனி மாதிரி ஒரு மெல்லிய தாள். நீ அதைக் கையால் எடுக்கமாட்டாய், ஊதுவாய். தாள் தூக்கிக்கொள்ளும், அடியில் புலி நிற்கும். அந்த ஆரஞ்சு நிறத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தத் துணியிலும், எந்தப் பழத்திலும் பார்த்ததில்லை. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு நரி வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு நீதியும் வந்துவிடும். இந்தப் புத்தகத்து நரிக்கு நீதி எதுவும் தெரியாது. அது மழையில் குடை பிடித்துக்கொண்டு போயிற்று. எங்கே என்று கூடச் சொல்லவில்லை. கரடிக்கு மூக்கு நுனியில் தேன். அணில் தன் வாலையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு தூங்கியது. அந்தப் புத்தகம் அழகு. இந்த மூன்று வார்த்தையை எழுத எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. மேற்கொண்டு கேட்காதே.

அந்தப் புத்தகத்தில் ஒரு தந்திரம் இருந்தது. தாளின் ஒரு பக்கம் படம், அதே தாளின் மறுபக்கம் பாட்டு. படிக்கிறவர் தாளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படம் குழந்தையைப் பார்க்கும், பாட்டு படிக்கிறவரைப் பார்க்கும். உன் மாமா அப்படிப் பிடித்துக்கொண்டு படித்தார்:

கோடு போட்ட சட்டைக்காரா,
காடு முழுதும் உன் வீடா?
கூடு திரும்பும் குருவிக்கெல்லாம்
காவல் வேலை பார்ப்பாயா?

கடைசியில் ஓர் உறுமல். உறுமல் அச்சில் இல்லை. அது அவர் சொந்தச் சரக்கு. நீ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, பொத்திய காதோடு இன்னொரு தடவை உறுமச் சொன்னாய். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவருக்குப் படம் தெரியாது. அவருக்குத் தெரிவது, தாளின் விளிம்புக்கு மேலே, படத்தைப் பார்க்கிற குழந்தையின் முகம். இருபத்திரண்டு மிருகத்துக்கு இருபத்திரண்டு முகம். அதை முழுக்க அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமாவிடம் நான் பொறாமைப்பட்டது புத்தகத்துக்காகவா, குரலுக்காகவா, பட்டணத்து வெள்ளைச் சட்டைக்காகவா என்று உன் அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். இவை எதற்காகவும் அல்ல. அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக்காக.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போய் வந்ததும் நான் தைரியமாக உன்னிடம் வந்தேன். "குட்றா, நான் படிக்கிறேன்" என்றேன். நீ புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "கை கழுவிட்டியா நைனா?" என்றாய்.

"கழுவிட்டேன்."

"மோந்து பாக்கட்டா?"

நீ மோந்து பார்த்தாய். தோல் பதத்துக்குப் போடும் ஆவாரம் பட்டையும் சுண்ணாம்பும் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இன்னொரு தபா கழுவினு வா. புலிக்கு வாசன வந்துடும்" என்றாய். அடுப்படியில் உன் அம்மா சிரித்தாள். கூடத்தில் உன் மாமா சிரிக்கவில்லை. பெருந்தன்மையாகக் கூரையைப் பார்த்தார். சிரித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

எனக்கும் பாட்டு வரும் என்று காட்டிவிடலாம் என நினைத்தேன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் யாப்பு படித்தவன். வெண்பாவுக்குப் பரிசு வாங்கியவன். எனக்குத் தெரிந்த மிருகத்தை வைத்து அங்கேயே ஒரு பாட்டுக் கட்டினேன்:

மேய்ச்சல் காட்டில் முள் கீறி
முதுகில் ஒரு கோடு;
வாய்ச்சவனுக்கு மூணாம் நம்பர்,
வாயில்லாத ஆடு.

நீ கேட்டாய்: "ஆடு செத்துப்போச்சா நைனா?"

"பாட்டுல அப்பிடி ஒண்ணும் இல்லியே."

"நம்பர் போட்டா செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம். உன் பாட்டுல வர்றது எல்லாம் செத்துப்போனதுதான். மாமா பாட்டுல எல்லாம் உயிரோட கீது." சொல்லிவிட்டு நீ கூடத்துக்குப் போய்விட்டாய். பின்னாளில் அச்சில் வந்த என் பாட்டுகளுக்கு எத்தனையோ பண்டிதர்கள் மதிப்புரை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எழுதவில்லை.

அன்று மத்தியானம் பிரியாணி தின்றுவிட்டு எல்லாரும் தூங்கினீர்கள். நீ மாமாவின் வயிற்றில் தலை வைத்திருந்தாய். புத்தகம் கேட்பாரற்றுக் கிடந்தது. சும்மா பார்க்கத்தான் எடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் விரித்தேன். புலியைப் பார்த்தேன். குண்டு பட்ட ஓட்டை இல்லை, உண்ணி இல்லை, கீறல் இல்லை. ஒரு மயிர் கூட நலுங்கவில்லை. தாளைத் திருப்பினேன். என் காதில் எப்போதும் நீலப் பென்சில் செருகியிருக்கும். அது எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியாது. பாட்டின் கடைசி வரிக்குப் பக்கத்தில் "4" என்று போட்டேன். புலிக்குப் போட்டது பழக்க தோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மீதி இருபத்தொன்றுக்கும் போட்டது பொறாமை. யானைக்கு மூன்று. ஒட்டகத்துக்கு நாலு. குடை பிடித்த நரிக்கு நாலு, அதன் அடியில் ஒரு கோடு. அந்தப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு மிருகமும் சுத்தமான ஒன்றாம் நம்பர், மகனே. யுத்தகாலத்தில் எத்தனையோ பேர் கெஞ்சியும் நான் ஒரு பொய் நம்பர் போட்டதில்லை. அந்த ஒரு மத்தியானத்தில் இருபத்திரண்டு போட்டேன். ஆனால் ஒன்று கவனி: படத்தின் மேல் ஒரு புள்ளி வைக்கவில்லை. பொறாமையிலும் தொழில் மரியாதை போகவில்லை. உட்புறத்தில்தான் போட்டேன்.

எழுந்ததும் நீ புலி கேட்டாய். மாமா தாளை நிமிர்த்தினார். "காவல் வேலை பார்ப்பாயா, நாலு" என்று ஒரே மூச்சில் படித்துவிட்டு நிறுத்தினார். பிறகு வீடு அதிரச் சிரித்தார். "இன்னா மச்சான், புலிக்குமா நம்பரு? நாலாம் நம்பரா? பாவம் மச்சான், அது இன்னா தப்பு பண்ணிச்சி?" நீ ஓடி இந்தப் பக்கம் வந்து நம்பரைப் பார்த்தாய். அழுவாய் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நீ குதித்தாய். "நரிக்கு இன்னா நம்பரு? அணிலுக்கு?" என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினாய். வீட்டுப் பூனைக்கு மூன்று என்றாய், அம்மாவின் கொண்டைக்கு இரண்டு என்றாய். நீ எங்கே ஓடுகிறாய், யாரைப் பார்க்கிறாய் என்று கவனிக்கிற நிலையில் நான் இல்லை. சிரிப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் காதில் பென்சிலைக் காணோம். அதையும் மாமாவின் கேலிக் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை அது உன் தலையணைக்கு அடியில் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாமா திங்கட்கிழமை ரயிலேறினார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து, புத்தகத்தை எடுத்துத் தகரப் பெட்டியின் அடியில், என் கல்யாணக் கோட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். நீ கேட்டபோது, கிடங்குக்கு எடுத்துப் போனேன், கை தவறிச் சுண்ணாம்புக் குழியில் விழுந்துவிட்டது என்றேன். புத்தகம் எதற்குக் கிடங்குக்குப் போயிற்று என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்காது என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டது வேறு. "எந்தக் குழி நைனா?"

"நாலாவது குழி."

"செரி" என்றாய். அவ்வளவுதான். நீ இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாயே என்று எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது. எட்டாம் நாள் காலையில் நீ கிடங்கு வாசலில் வந்து நின்றாய். குழி பார்க்கிற கரீம் பாயிடம் போய், "பாய், நாலாவது குழில நம்ப புக்கு ஊறிட்டிருக்குது. எட்டு நாளாச்சு. எடுத்துக் குட்றீங்களா?" என்றாய். முடி கழலச் சுண்ணாம்பில் ஊறப் போட்ட தோலை எட்டாம் நாள் எடுப்பார்கள் என்பது இந்தத் தெருவில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும். குழிக்குள் போனது திரும்பி வரும் என்று நம்பி எட்டு நாள் பொறுத்திருந்திருக்கிறாய். கூடவே ஒரு சந்தேகமும் வைத்திருந்தாய். "புலி முடியெல்லாம் கொட்டிட்டு வெள்ளையா வருமா பாய்?"

கரீம் பாய் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த ஒரு தோலை மிகவும் உன்னிப்பாகப் பார்த்தேன். அந்த மனிதர் நீளக் கொக்கிக் கழியை எடுத்தார். நாலாவது குழியில் விட்டு, மூலை மூலையாகத் துழாவினார். வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். "இன்னும் ஊறணும் கண்ணு. புலித்தோலு பாரு, கெட்டியா கீது. லேட்டாவும்" என்று உன்னை அனுப்பினார். பிறகு என் மேஜைக்கு வந்தார். "தோஸ்த், நம்ப குழில இதுவரிக்கும் பொய்ய ஊறப் போட்டதில்ல. நாத்தம் தாங்கல" என்றார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீ இன்னும் மூன்று தடவை வந்தாய். மூன்று தடவையும் அவர் துழாவினார். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

அன்றே பெட்டியைத் திறந்திருக்கலாம். திறந்தால் பொய்யும் சேர்ந்து வெளியே வருமே என்று பயம். ஒரு மாதம் போனால் சொல்வது கஷ்டம்; ஒரு வருஷம் போனால் சொல்லவே தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. அதற்குள் நீ கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவரில் ஞாபகத்திலிருந்து வரைய ஆரம்பித்திருந்தாய். முதலில் புலி. பிறகு குடை பிடித்த நரி. உன் அம்மா வெள்ளையடிக்க வெள்ளையடிக்க நீ வரைந்தாய். பத்து வருஷம் கழித்து உன் மாமா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். உனக்குச் சித்திரம் வரக் காரணம் தான் வாங்கித் தந்த புத்தகம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது அச்சிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் பிழை பார்க்கட்டும்: புத்தகம் தந்தவர் அவர், சரி. அதை இல்லாமல் செய்தவன் நான். கையில் இருந்திருந்தால் நீ பார்த்துக்கொண்டிருந்திருப்பாய், வரைந்திருக்கமாட்டாய். பெருமையில் பாதி எனக்குச் சேர வேண்டும். நான் பட்ட வெட்கத்தில் பாதியை அவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் அப்பன் கடிதம் எழுதினால் புத்தி சொல்லித்தான் ஆக வேண்டும். எஸ்தர் உன் குரலை வேண்டாம் என்றால் பொறாமைப்படு, அதில் தப்பில்லை. அந்தப் புத்தகத்தை வெறுக்கத் தோன்றினால் வெறு. ஆனால் படித்துக் காட்டிக்கொண்டே வெறு. உறுமத் தெரியாவிட்டால் மோசமாக உறுமு. அவள் திருத்துவாள், திருத்துவதற்காகவாவது உன் எதிரில் உட்காருவாள். உன் கையில் அச்சு மை நாறினால் நாறட்டும். எப்படியாவது அந்தப் பக்கத்து இடத்தைப் பிடித்துவிடு. நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

புதன்கிழமை பெட்டியைத் திறந்தேன். கோட்டைப் பூச்சி தின்றிருந்தது, புத்தகத்தைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் விரித்து, தாள்களை ஊதினேன். எனக்கு இப்போது மூச்சு கம்மி. புலிக்கு மூன்று தடவை ஊத வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் போட்ட நம்பரை மாற்றுவது பெரிய மானக்கேடு. மாற்றினால் பழைய நம்பரைத் தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிய நம்பரும் கையெழுத்தும் போட வேண்டும். இருபத்திரண்டு இடத்தில் அடித்தேன். இருபத்திரண்டு இடத்தில் ஒன்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

எல்லாம் முடிந்தது என்று மூடப் போகும்போதுதான் கடைசித் தாளைத் திருப்பினேன். அது பாட்டில்லாத தாள். உட்புறம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். வெறுமையாக இல்லை. என் நீலப் பென்சிலால் யாரோ ஒரு பிராணி வரைந்திருந்தான். நாலு கால், பெரிய மீசை, மூக்குக் கண்ணாடி, காதில் ஒரு பென்சில். அடியில் தலைகீழாகத் திரும்பிய எழுத்துகளில் "நைனா". பக்கத்தில் நம்பர்: 2.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமான நம்பர். நடுமுதுகில் இல்லாத, ஓரமாக ஒரு ஓட்டை இருந்தால் இரண்டுதான் போட வேண்டும். அடுத்த நாளே குழிக் கதை சொல்லப் போகிறவன் என்று தெரிந்திருந்தால் நீ நாலு போட்டிருப்பாய். ஆனால் அன்றைய வெளிச்சத்தில் தெரிந்ததற்குச் சரியாகப் போட்டிருக்கிறாய். இதை மட்டும் நான் அடிக்கவில்லை. அது என் நம்பர் அல்ல, திருத்த எனக்கு உரிமை இல்லை.

பிறகு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை இன்னும் மூன்று தடவை புரட்டினேன். ஓரம், மூலை, அட்டையின் உள்பக்கம், ஒன்றையும் விடவில்லை. உன் மாமாவை நீ எங்குமே வரையவில்லை. இந்த வரியில் பிழை எதுவும் இல்லை என்று அவர் உறுதி செய்துகொள்ளலாம்.

புத்தகத்தை நாளை ரயில் பார்சலில் போடுகிறேன். எஸ்தரிடம் நீயே கொடு, நீயே படி. கூட ஒரு நீலப் பென்சில் வைத்திருக்கிறேன். அதை அவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கு. கடைசித் தாளின் உட்புறத்தில், எனக்குப் பக்கத்தில், இன்னும் ஒரு பிராணிக்கு இடம் இருக்கிறது.

உன் நைனா